ஒரே ஒரு பெயரை வரிசைப்படுத்துவது

எங்கள் மையத்தில் வரிசைப்படுத்தாத முடிவு எதையும் வெளியே கொடுப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுண்டருக்கு வருகிறவர்கள் இதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள், தெரிந்ததும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

தோட்ட ஆவணத் தேடல் மையம் சிரம்பானில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. பெடாஸ் பக்கமும் போர்டிக்சன் பக்கமும் இருந்த ரப்பர் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அந்தத் தோட்டத்து ஆபிஸ்களில் கிடந்த ஏடுகளை எல்லாம் எங்கள் வாரியம் வாங்கிக்கொண்டு வந்தது. பிறப்புப் புத்தகங்கள், தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளின் பட்டியல், விடிவதற்கு முன்னால் ஆட்களைக் களத்தில் நிற்கவைத்துத் தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டு ஏடுகள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார்கள். மொத்தம் நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பெயர்கள். இங்கே பிறந்தவர் என்று நிரூபிக்க வேறு தாள் இல்லாதவர்கள் எங்களிடம் வருவார்கள். நாங்கள் தேடி எடுத்து, முத்திரை குத்திக் கொடுப்போம். திட்டம் அதுதான்.

என் பெயர் வசந்தன். ஒன்பது வருடமாக இரண்டாம் கவுண்டர்.

பஞ்சாலை அக்கா முதலில் வந்தது மாதம் மூன்றாம் தேதி. அறுபத்தொரு வயது. போர்டிக்சனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் காய்கறி நறுக்குகிற வேலை, இருப்பு பெடாஸில். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் அடையாள அட்டை, சிவப்பு ஐசி. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருக்கலாம், இந்த நாட்டுக்காரர் இல்லை என்று அர்த்தம்.

"பதினெட்டாம் தேதி நேர்காணல் தம்பி, குடியுரிமைக்கு. ரெண்டு வாட்டி இல்லன்னுட்டாங்க. தோட்டத்துல பொறந்ததுக்கு ஒரு தாள் கொண்டாந்தா பாக்கலாம்னு சொல்றாங்க. இது மூணாவது வாட்டி. இதுக்கு மேல என்னால அலைய முடியாது."

"இங்கதான் பொறந்தீங்களாக்கா?"

"இங்கதான். சிங்கப்பூர் கூட போனதில்ல. எப்படிப் போறது, பாஸ்போர்ட்டுதான் குடுக்க மாட்டேங்கிறாங்களே."

பெயர், தாயின் பெயர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் தட்டினேன். கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. ஒரு முடிவு. பஞ்சாலை, பெண், தாய் முத்தாயி, நாலாம் மண்டோர் கும்பல் (மண்டோர் என்றால் கங்காணி), ஆறாம் லயம், பிறந்த தேதி. திரையை அவர் பக்கம் திருப்பினேன். வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தவர், அம்மா பெயர் எது என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடித் தடுப்பின் மேல் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பழக்க தோஷத்தில் நான் அச்சுப் பொத்தானை அழுத்தி ஒரு தாள் எடுத்துவிட்டேன்.

அதற்குள் திரையில் 'வரிசைப்படுத்தப்படுகிறது' என்று வந்தது. சக்கரம் சுற்றியது. பிறகு திரை வெள்ளையாகி, மெமோரி போதவில்லை என்று ஒரு வரி வந்தது.

"என்னா தம்பி, போயிருச்சா?"

"வரிசைப்படுத்துறப்ப விழுந்துருச்சுக்கா. மெமோரி பத்தல."

"என் ஒருத்தி பேருதான வந்துச்சு. ஒண்ண எதுக்கு வரிசைப்படுத்தணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் ஏழாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. 'முடிவுகள் எத்தனை ஆயினும் பெயர் வரிசைப்படி அடுக்கப்பட்ட பின்னரே முத்திரையிடப்படும்.' எத்தனை ஆயினும் என்றால் ஒன்றும் அதில் அடக்கம். வரிசைப்படுத்தாத தாள்களை மேசை டிராயரில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் இயந்திரத்தில் கொடுத்துக் கிழிக்க வேண்டும். அதையும் அதே சுற்றறிக்கைதான் சொல்கிறது. பஞ்சாலை அக்காவின் தாளை டிராயரில் போட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லி நம்பர் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்வது நிரோஷா. ரஹாங்கில் வீடு, கோலாலம்பூரில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த பெண். அன்று மாலை கூட்டத்தில் இயக்குநர் திருச்செல்வத்துக்கு அவள் விளக்கினாள். அது ஏழாவது தடவை என்று நினைக்கிறேன்.

"சார், தேடுறதுல பிரச்சினையே இல்ல. கிடைச்சதை நேம் ஆர்டர்ல அடுக்கச் சொல்றீங்களே, அதுலதான் இருக்கு. மூணு ரிசல்ட் வந்தாலும் அந்த மூணை மட்டும் எடுத்து அடுக்காது. நாலு லட்சம் பேரோட பெயரையும் தூக்கி மெமோரியில வச்சுக்கிட்டுத்தான் அடுக்கும். பேர், அப்பா பேர், தோட்டம், லயம்னு நாம ஏழு விதமா அடுக்கச் சொல்றோம். ஏழு தடவை தூக்கணும்."

"இதுக்கு என்ன செய்யலாம் சொல்லுங்க."

"ஒண்ணு, ஒரே ரிசல்ட்னா அடுக்க வேணாம். ரெண்டு, அடுக்குற பட்டியலை முன்கூட்டியே செஞ்சு டிஸ்க்ல வச்சிரலாம், தேவையானதை மட்டும் எடுத்துக்கும். மூணு, பேருக்குப் பதிலா ஏட்டு நம்பர்படி அடுக்கலாம். நம்பர் சின்னது, இடம் கம்மியா பிடிக்கும்."

திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய பாட்டனார் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் என்பதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார். அன்றும் சொன்னார். அதற்குப் பிறகு, அழுத்திச் சொல்கிற இடத்தில் 'லா' போடுகிற எங்கள் ஊர்ப் பழக்கத்தோடு பேசினார்.

"நிரோஷா, நீங்க டெக்னிக்கலா பேசுறீங்க. நான் கொள்கையா பேசுறேன். ஒரே முடிவுன்னா அடுக்க வேணாம்னு சொல்றீங்க. சரி. அடுக்காம, அது முதலாவதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ரெண்டாவது, டிஸ்க்குன்னா கிடங்கு. நம்ம மக்களோட பேரைக் கிடங்குல போட்டு வைக்கணுமா? இத்தனை வருஷம் அப்படித்தான லா வச்சிருந்தாங்க. மூணாவது, நம்பர். நம்ம சனங்கள நம்பரா பாத்தது வெள்ளைக்காரன். இந்த மையத்துல அது நடக்காது."

எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். நிரோஷா குறிப்பேட்டை மூடினாள்.

கூட்டத்தின் முடிவில் 'மெமோரி சிக்கன வாரம்' அறிவிக்கப்பட்டது. வாசலில் துணிப் பதாகை கட்டினார்கள். ஊழியர்கள் தங்கள் கணினியில் வைத்திருந்த குடும்பப் படங்களை அழிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சர்வருக்கும் எங்கள் கணினிக்கும் சம்பந்தம் இல்லை என்று நிரோஷா சொன்னாள். சம்பந்தம் இருக்கிறதா என்பது முக்கியமில்லை, உணர்வு முக்கியம் என்று பதில் வந்தது. நான் என் மகளின் பள்ளிப் படங்களை அழித்தேன். நீளமான பெயர் உள்ளவர்கள் மதியம் மூன்று மணிக்கு மேல் வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். ராமகிருஷ்ணன் என்று ஒரு பெரியவர், போன் பில் முதல் மருத்துவமனை அட்டை வரை எல்லாவற்றிலும் தன் பெயர் ராமன் என்று இருப்பதாகச் சொல்லிக் காலையிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரை விசாரிக்க ஒரு குழு போட்டார்கள்.

பத்தாம் தேதி பஞ்சாலை அக்கா வந்தபோது சர்வர் படுத்திருந்தது. ஆனால் மையம் இயங்கியது. இயந்திரம் இல்லாதபோது வரிசை முறையை மனிதர்களே காப்பாற்ற வேண்டும் என்று இயக்குநர் முடிவெடுத்திருந்தார். அதனால் புதிதாக ஒருவர் வந்து நம்பர் எடுக்கும்போதெல்லாம், கூடத்தில் இருக்கிற எல்லாரும் எழுந்து கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய், பெயர் வரிசைப்படி நின்று, வந்தவருக்கு நடுவில் இடம் விட்டு, அதே வரிசையில் மேலே ஏறி வந்து உட்கார வேண்டும். லிப்ட் வரிசையைக் கலைத்துவிடும் என்பதால் படியில்தான். அன்று மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் புதிதாக வந்தார்கள்.

பதினோராவது தடவை ஏறி வந்தபோது பஞ்சாலை அக்கா என் கவுண்டருக்கு எதிரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டு வலி முகத்தில் தெரிந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

"பெரட்டு மாதிரியே இருக்கு தம்பி," என்றார். "ஆனா பெரட்டு முடிஞ்சா வேலை குடுப்பாங்க."

"இயந்திரமும் இப்படித்தாங்க்கா செய்யுது. ஒருத்தர் பேர எடுக்க எல்லாரையும் எழுப்பி நிக்க வைக்குது."

"அதுக்கு என்னா தெரியும், அது மிஷினு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாங்க பேரு வரிசையில ஒரு நாளும் நின்னதில்ல. மண்டோர் வாரியாத்தான் நிப்போம். எங்கம்மா நாலாம் மண்டோரு, மூணாவது ஆளு. கிராணி புஸ்தகத்துலயும் அப்படித்தான் எழுதுவாரு. யாரு பேருல எந்த எழுத்து மொத எழுத்துன்னு அங்க யாருக்குத் தெரியும்?"

இதை நான் நிரோஷாவிடம் சொன்னேன். ஏடுகள் ஏற்கெனவே ஒரு வரிசையில்தான் இருக்கின்றன, எழுதியவர்களின் வரிசையில், நாம்தான் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு மறுபடி அடுக்கத் திணறுகிறோம் என்றாள். இதைக் குறிப்பாக எழுதி இயக்குநருக்கு அனுப்பினாள். குறிப்பு வந்து சேர்ந்தது என்று பதில் வந்தது.

பன்னிரண்டாம் தேதி புது மெமோரி வந்தது. பழையதைப் போல நாலு மடங்கு. அதற்கு ஒரு திறப்பு விழா. சர்வர் அறைக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, பெட்டிக்கு மாலை போட்டு, வாசலில் தேங்காய் உடைத்தார்கள். வாரியத் தலைவர் பிரேமநாதன் போர்டிக்சனிலிருந்து வந்து ரிப்பன் வெட்டினார். வந்தவர்களுக்கு மீஹூன் கோரெங்கும் தேத்தண்ணியும் கொடுத்தோம். திருச்செல்வம் பேசினார்.

"இந்த மையம் தொடங்கி ஒன்பது ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டுகளில் வரிசை தவறிய ஒரு முடிவைக்கூட நாம் வெளியே விட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். வரிசைப்படி எத்தனை முடிவுகள் வெளியே போயின என்று சிலர் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், நாம் தரத்தைப் பார்க்கிறோம். இப்போது மெமோரி கூடியிருப்பதால், ஏழு விதமாக அடுக்குவதைப் பதினைந்து விதமாக உயர்த்தக் குழு பரிந்துரைத்திருக்கிறது. இடம் இருக்கும்போது அதைச் சும்மா வைத்திருப்பது வீண் அல்லவா?"

கைதட்டினார்கள். நிரோஷா என் பக்கத்தில் நின்றாள். "அண்ணே, இது நிக்காது," என்றாள். தலைவர் கையாலேயே ஒரு தேடல் செய்து காட்டினார்கள். பதினைந்து விதமாக அடுக்கத் தொடங்கி, மூன்றாவது விதத்தில் சர்வர் விழுந்தது. மாலை மட்டும் அசையாமல் இருந்தது. மின்சாரக் கோளாறு என்று தலைவரிடம் சொன்னார்கள். அவர் இன்னொரு தட்டு மீஹூன் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்வரிசையில் பஞ்சாலை அக்காவும் உட்கார்ந்திருந்தார். விழா என்பதால் கவுண்டர் இல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஹோட்டலில் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. டிராயரில் அவருடைய தாள் இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம். முத்திரை இல்லாத தாளை நேர்காணலில் வாங்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

"பதினேழாம் தேதி வாங்கக்கா. கட்டாயம் ஆயிரும்."

"பதினெட்டுதான் நேர்காணல் தம்பி."

"அதான். முந்தின நாள்."

பதினைந்தாம் தேதி அவசரக் கூட்டம். நிரோஷா அந்தப் பழைய மூன்று வழிகளையும் மறுபடி படித்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. கடைசியில் திருச்செல்வம் ஒரு வழி சொன்னார்.

"மெமோரி பத்தல, ஏன்? பேர் அதிகம். ஏன் அதிகம்? இல்லாத தோட்டத்து ஆளுங்கள எல்லாம் வச்சிருக்கோம். தோட்டம் இருக்கா? வித்தாச்சு. லயம் இருக்கா? உடைச்சாச்சு. இல்லாத இடத்துல ஒருத்தர் எப்படி லா இருக்க முடியும்? மூடின தோட்டங்கள தேடல்லேர்ந்து எடுத்துருங்க."

"சார்," என்றாள் நிரோஷா, "மூடின தோட்டங்களோட ஏடுதான் நம்மகிட்ட இருக்கு. எல்லாமே மூடின தோட்டந்தான்."

"அப்ப வேலை சுலபம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நிரோஷா எல்லாவற்றையும் ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துப் பூட்டி வைத்துவிட்டு, உத்தரவுப்படி செய்தாள். பதினாறாம் தேதி சாயங்காலம் சர்வர் எழுந்தது. பதினைந்து விதமாக அடுக்கியது. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகவில்லை. திருச்செல்வம் எங்கள் எல்லாருக்கும் கை கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

பதினேழாம் தேதி காலை கதவு திறக்கும்போதே பஞ்சாலை அக்கா நின்றிருந்தார். முதல் நம்பர். வரிசையில் வேறு யாரும் இல்லாததால் கார் நிறுத்துமிடத்துக்கு அவர் ஒருவரே போய் நின்றுவிட்டு ஏறி வந்தார். பெயரைத் தட்டினேன். முடிவுகள்: 0. அதற்குக் கீழே, 'பெயர் வரிசைப்படி அடுக்கப்பட்டது.' அதற்குக் கீழே முத்திரைக்கான கட்டம். தாள் தானாகவே அச்சாகி வெளியே வந்தது.

என் பின்னால் நின்றுகொண்டிருந்த திருச்செல்வம் அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்துப் பார்த்தார்.

"முதல் தாள் வசந்தன். ஒன்பது வருஷத்துல முழுசா அடுக்கின முதல் தாள். முத்திரை குத்திக் குடுங்க." பஞ்சாலை அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்குக் கிடைச்சது பாருங்கம்மா." அவசரமாகத் தலைவருக்கு போன் போட உள்ளே போனார்.

அக்கா தாளையும் என்னையும் பார்த்தார்.

"இதுல எங்கம்மா பேரு எங்க தம்பி?"

"இல்லக்கா."

"என் பேரு?"

"அதுவும் இல்ல. எடுத்துட்டாங்க."

அவர் பிளாஸ்டிக் உறையை மடித்து, திறந்து, மறுபடி மடித்தார். நான் டிராயரைத் திறந்தேன். மாதக் கடைசி வராததால் மூன்றாம் தேதித் தாள் கிழிபடாமல் இருந்தது. எடுத்து முதல் தாளின் பக்கத்தில் வைத்தேன். எதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன்.

"முத்திரை குத்துறதுல நான் இல்ல," என்றார் அவர். "நான் இருக்கிறதுல முத்திரை இல்ல. ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் நாளைக்கு என்னா செய்ய தம்பி?"

ஒன்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில் ஒன்று உண்டு. கணக்கு, கடிதம் என்று ஒரு பக்கத்துக்கு மேல் போகிற எந்த ஆபிஸ் ஆவணத்துக்கும், பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தைக் கொஞ்சம் மடித்து, பாதி இந்தத் தாளிலும் பாதி அந்தத் தாளிலும் விழுகிற மாதிரி முத்திரை குத்த வேண்டும். நடுவில் யாரும் தாளை மாற்றிவிடாமல் இருக்க. அடுக்கிய தாளை மேலே வைத்தேன். அக்காவின் தாளைக் கீழே வைத்தேன். பின் அடித்தேன். ஓரத்தை மடித்து முத்திரையை அழுத்தினேன். மேல் தாளில் கட்டத்துக்குள் பாதி, கீழ்த் தாளில் முத்தாயி என்ற பெயருக்குப் பக்கத்தில் பாதி. பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று கையால் எழுதினேன். ஏழாம் சுற்றறிக்கையில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.

பதினெட்டாம் தேதி மதியம் என் போனுக்கு அழைப்பு வந்தது.

"ஆபிசர் ரெண்டாவது தாள மட்டும் எடுத்துக்கிட்டாரு தம்பி. அம்மா பேரு, லயம் எல்லாம் கேட்டாரு. சொன்னேன். தாள்ல உள்ளதும் நான் சொன்னதும் சரியா இருக்குன்னாரு. மொதத் தாள பிச்சு என் கையில குடுத்து, இது என்னாத்துக்கும்மான்னு கேட்டாரு. நான் வாங்கி உறையில வச்சுக்கிட்டேன்."

"வரிசையைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"என்னா வரிசை?"

அந்த முதல் தாளை அவர் என்னிடமே கொண்டுவந்து கொடுத்தார், ஆபிஸ் தாள் ஆச்சே, வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று. எட்டு மாதம் கழித்து, குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல ஐசி கையில் கிடைத்ததும் அதைக் காட்டவும் ஒரு தடவை வந்தார். படியேறாமல் கீழேயே நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நிரோஷா கோலாலம்பூருக்கே திரும்பிப் போய்விட்டாள். டிஸ்க் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அதைத் திறக்க வாரியத்துக்கு நான் நாலு கடிதம் எழுதினேன். வந்து சேர்ந்தன என்று பதில் வந்தது. கவுண்டருக்குத் தினமும் பதினைந்து இருபது பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரு விநாடிக்குள் அடுக்கப்பட்ட தாள் கிடைக்கிறது. ஒரு பெயரும் இல்லாத தாள். அவர்களுக்குக் கொடுக்க என் டிராயரில் இரண்டாவது தாள் இல்லை.

பஞ்சாலை அக்கா திருப்பிக் கொடுத்ததைத் திருச்செல்வம் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கீழே பித்தளையில் 'முழுமையாக வரிசைப்படுத்தப்பட்ட முதல் முடிவு' என்று பொறித்திருக்கிறது. காத்திருப்பவர்கள் அதைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரியத் தலைவர் வந்தால் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார். அதில் முத்திரை ஏன் பாதிதான் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.